இரண்டு மொட்டையும் ஒரு சாவியும்

கிருத்திகை, செவ்வாய் இரவு.

கடைக்கார அக்கா இன்றுதான் முதல் முறையாகப் பூசைக் கடைச் சாவியை என்னை நம்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவருடைய இரட்டைப் பெண்கள் அதை ஒளித்துவிட்டார்கள்.

பள்ளியில் கற்ற விளையாட்டாம். இன்று முழுக்க உமா பொய் மட்டும் சொல்வாள், ரமா உண்மை மட்டும் சொல்வாள், ஒரே கேள்விதான் கேட்கலாம் என்று காலையிலேயே சொன்னார்கள். உமாவின் சுருட்டை முடிதான் எனக்கு அடையாளம். அதற்குள் மலைக்கோயிலில் இருவருக்கும் மொட்டையடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது.

பூக்கூடைப் பக்கமும் தேங்காய் மூட்டைப் பக்கமும் தவிர அவர்கள் வேறெங்கும் போகவில்லை. பூக்கூடையோ மலைக்குப் போகும் ஆட்டோவில் ஏறிவிட்டது. மூட்டையைக் கொட்டிப் பார்ப்பதற்குள் ஆட்டோ போய்விடும்.

ஒருத்தியைப் பிடித்து, மற்றவளைக் காட்டி, "சாவி எங்க கீதுன்னு இவளைக் கேட்டா இன்னா சொல்லுவா?" என்றேன்.

"மூட்டையிலன்னு சொல்லுவா."

யாரைக் கேட்டாலும் இந்தப் பதிலில் உமாவின் பொய் ஒன்று கலந்தே தீரும். அப்படியானால் பூக்கூடைதான். யாரிடமும் வாய் திறக்காத நான், "அண்ணா, நிறுத்துங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு ஓடினேன். சாமந்திக்கு அடியில் சாவி இருந்தது.

"ஒம்பதாவதோட நின்ன நீ எப்பிடிக்கா கண்டுபுடிச்ச?" என்று இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

அக்கா வந்து, "இன்னாடி இப்பிடி வேர்த்துகினு கீற?" என்றார்.

"வெயிலுங்கக்கா."

"சரி, நாளைக்கும் நீயே கடையைத் தொற."

அப்பாடா! ஆட்டோ அண்ணன் மட்டும் வாயை விடாமல் இருக்க வேண்டும்.

ஒரு மொட்டை என் காதருகே வந்து, "நீ பொய் சொல்ற" என்றது.

அவள்தான் ரமா.