சாக்குக்கடியில் பனி

அன்பு மகளே,

நம் பிங்லின் மலையில் வெண்பனி விழுந்திருக்கிறது. விடியலில் கதவைத் திறந்தவள், தேயிலைச் செடியெல்லாம் ஒரே இரவில் பூத்துவிட்டதென்றே நினைத்தேன். தூக்கத்தில் நடப்பவள்போல வெறுங்காலோடு இறங்கிவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து ஆ-குவான், தைபேயிலிருக்கும் பிள்ளைகளுக்குக் காட்ட வண்டி முகப்பில் பனியைக் குவித்துக்கொண்டிருந்தான். உன் அப்பாவைச் சீண்டினான்: "இந்த மலையில பனி கொட்டுற அன்னிக்குத்தான் மக வாசப்படி மிதிக்கணும்னீங்களே மாமா, கொட்டிடுச்சே."

"உன் வேலையப் பாருடா" என்றார்.

பிறகு தானே பனியை வாரி, வாசலோர நிழலில் குவித்து, சாக்குப் போட்டு மூடினார். எதற்கென்று கேட்டேன்.

"கிடக்கட்டுமே."

இந்தக் கடிதத்தை ஆ-குவானிடம் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது அவன் வண்டியில் நீயும் மாப்பிள்ளையும் உட்கார இடமிருக்கும். வெயில் ஏறுகிறது, சாக்கு ரொம்ப மெல்லிசு.

அம்மா