காப்புக் கட்டிய வாரத்தில் விழுந்த விமானம்

இன்று காலை மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மகன் மணிக்கட்டில் புது மஞ்சள் கயிற்றோடு வீட்டுக்குள் வந்தான். அந்தப் பச்சை மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து வருடம் திரும்பிவிட்டது. இன்றைக்கும் ஊர் உங்களைப் பெரிய மனுசர் என்கிறது. இருபது வருடம் உங்களுக்கு வாழ்க்கைப்பட்டுச் சோறு போட்டவள் நான். என்னிடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது.

யுத்த காலத்துப் பங்குனி அது. நீங்கள் ஊர் மணியக்காரர். முதல் காப்பு உங்கள் கைக்குத்தான். கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு யாரும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. காப்புக் கட்டிய அன்று சாயங்காலமே மேகத்துக்குள் ஏதோ உறுமிக்கொண்டு போய்க் கொல்லிமலையில் விழுந்தது. பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. மறுநாள் மலையில் புகை. என்னவென்று கேட்டேன். "தெனைக்காட்டுக்குத் தீ வெச்சிருப்பானுங்க, இதுக்குப் போயி" என்று வெற்றிலையைத் துப்பினீர்கள். உங்களுக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் ஏது!

அன்று மத்தியானமே தேன் எடுக்கும் சடையன் மலையிலிருந்து ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"சாமி, ஏரோப்ளேனுங்க. பள்ளத்துல நொறுங்கிக் கெடக்குதுங்க. அஞ்சு வெள்ளைக்காரங்க உசுரோட இருக்கறாங்க. சாமைக் கஞ்சி ஊத்திக் காப்பாத்தி வெச்சிருக்கறோம். ஒருத்தருக்குக் கால் நசுங்கிப்போச்சுங்க. டாக்டரு வேணுமுங்க."

நாமக்கல்லுக்குச் சேதி போனால் போதும். சடையன் வெறும் வாயால் சொன்னால் தாலுக்கா கச்சேரியில் விரட்டிவிடுவார்கள். மணியக்காரர் கையெழுத்து வேண்டும். "எழுதியாச்சும் குடுங்க, அவனே கொண்டுக்கிட்டுப் போகட்டும்" என்றேன்.

"காப்புக் கட்டுன கையில சாவுச் சேதி எழுதறதா? நோம்பி முடியட்டும்" என்றீர்கள்.

சாவுச் சேதி! ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதானே அவன் சொன்னான்? உங்கள் பக்திக்கு முன்னால் அது எடுபடவில்லை.

அந்தப் பக்தியின் லட்சணத்தை ஐந்தாம் நாள் பார்த்தேன். எருமப்பட்டியில் நல்ல காளை ஜோடி வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். காப்புக் கயிற்றைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு வண்டி கட்டி எல்லை தாண்டிப் போனீர்கள். உங்கள் வண்டி போகும்போது மட்டும் அம்மன் கண்ணை மூடிக்கொண்டாளாக்கும்.

நீங்கள் காளைக்குப் பல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சடையன் மறுபடியும் வந்து நின்றான். "காலு அழுகி நாத்தமடிக்குதுங்க, ஆத்தா. அவரு எங்களைப் பாத்துப் பாத்துக் கும்பிடறாருங்க" என்றான். வேப்பெண்ணெயும் ஒரு பழைய வேட்டியும் கொடுத்து அனுப்பினேன். உங்களைக் கேட்காமல் ஆள் அனுப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நோம்பி முடிந்து கயிற்றை அவிழ்த்த பிறகுதான் ஆள் அனுப்பினீர்கள். மறுநாள் பட்டாளத்தார் மலையேறினார்கள். நாலு பேர் தாடியும் கந்தல் சட்டையுமாக இறங்கி வந்தார்கள். ஐந்தாமவரை விமானத்திலிருந்து குதிக்க வைத்திருந்த குடைத்துணியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். விடியற்காலையில்தான் உயிர் போயிருந்தது. நீங்களோ ஜரிகைத் தலைப்பாகை கட்டி, இளநீர் சீவி வைத்து, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்றீர்கள்.

"சேதி எப்பக் கெடச்சுதுன்னு தொரை கேக்கறாரு" என்றார் பட்டாளத்துத் துரையோடு வந்த தமிழ்க் குமாஸ்தா.

"நேத்துத்தானுங்க. கேட்ட நிமிசமே ஆளை உட்டுட்டனுங்க."

துரை உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களுக்கு வெட்கமே இல்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தீர்கள். சடையன் வேலிக்கு வெளியே தலை குனிந்து நின்றான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தப்பி வந்தவர்களில் ஒருவர் மட்டும் நம்பவில்லை. செத்தவரின் பக்கத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவர், என்னைக் காட்டிக் குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார்.

"ஏனுங்க அம்மிணி, நேத்துத்தான் தெரியுமுங்களா?"

நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

"ஆமாங்க" என்றேன்.

இத்தனை வருடமாக உங்களை மனசுக்குள் ஏசாத நாளில்லை. ஏச வாயெடுக்கும்போதெல்லாம் அந்த "ஆமாங்க"தான் முதலில் வருகிறது. அதற்குமேல் உங்களை ஒன்றும் சொல்ல முடிவதில்லை.