ஓடைக்குள் கேட்கிற விசில்

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு, சங்கரன்கோவிலிலிருந்து அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க கோமதியம்மன் துணை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் ரெண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன் தங்கசாமியை மலை ஓடை வெள்ளம் கொண்டுபோய் ஐப்பசி வந்தால் ஒரு வருஷம். உடம்பும் கிடைக்கவில்லை, கருமாதியும் செய்யவில்லை. அப்பாவோ அந்த எலுமிச்சைத் தோட்டத்துக் காவலை விட்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார். விடியுமுன்னே ஓடைக்குள்ளிருந்து தங்கசாமி விசிலடிக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறாராம். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசுகிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையோடு கூட்டிவந்து காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று தோட்டத்துக்குப் போக புளியங்குடி பஸ் ஏறினேன்.

மறுநாள் விடியலில் எனக்கும் அந்த விசில் கேட்டது ஜெயா. உன் அண்ணன் மோட்டார் போடும்போது ஒரு பாட்டைத் தொடங்கி, பாதியில் விட்டு, வேறொன்றுக்குத் தாவுவானே, அதே இழுப்பு. ஓடையோரமாகவே நடந்தேன். தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் மரம் மூடி ஒரே இருட்டு, பாறையெல்லாம் பாசி. ஆள் அரவம் கேட்டால் சத்தம் நின்றுவிடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் தண்ணீர் விழுகிற பாறையில் ஒரு கறுத்த குருவி, மைனாவைவிடப் பெரிது. வெளிச்சம் பட்டதும் தோளில் நல்ல நீலம். அதுதான் விசிலடித்தது. என்னைக் கண்டதும் பாறையிடுக்கில் மறைந்துவிட்டது. ஓடிவந்து, அது குருவி, என் கண்ணால் பார்த்தேன் என்று உன் அப்பாவிடம் கத்தினேன். அவர் பால் விடாத கட்டங்காப்பியை ஆற்றிக்கொண்டே, குருவின்னு எனக்கு மொத நாளே தெரியும்ட்டி, ஊருக்கு வந்தா அதுவும் கேக்காதுல்லா என்றார்.

அன்றைக்கே திரும்ப வேண்டியவள் தங்கிவிட்டேன். அடுத்த விடியலில் அது விசிலடித்தபோது, என்னய்யா, சாப்பிட்டியா என்று என் வாய் தானாகக் கேட்டது. அப்பா போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். கருமாதிப் பேச்சை எடுக்காமலே வந்துவிட்டேன். இங்கே வீட்டில் காலையில் பஸ் ஹாரன்தான் கேட்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

பேரனை ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே. எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே, அப்பா போன் பண்ணினால் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடாதே. வெள்ளிக்கிழமை நானும் தோட்டத்துக்குத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுப்புலட்சுமி