எங்கள் எண் வந்தபோது புறாக்கள் பறக்காதது குறித்து

அனுப்புநர்:
மெத்தைக் கடைக்காரி,
வீடு காலி செய்யும் வழக்கின் இரண்டாம் எதிர்வாதி
(முதல் எதிர்வாதி என் வீட்டுக்காரர், அவர் எழுதினால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்),
கீழே கடை, மேலே வீடு.

பெறுநர்:
உயர்திரு முதன்மை நீதிபதி அவர்கள்,
நீதிமன்ற வளாகம், முதல் மாடி.

பொருள்: மூன்றாம் எண் அறையின் வாசலிலேயே உட்கார்ந்திருந்த எங்களை அழைக்காமல், அழைத்தும் வரவில்லை என்று எழுதி, வீட்டைக் காலி செய்ய உத்தரவு போட்டது பற்றியும், அதற்குச் சாட்சியான சினிமாப் படம் நாளையோடு தியேட்டரை விட்டுப் போவது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். கோர்ட்டு வாசலில் மனு எழுதுபவரும் ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் நான் வரிக்கு வரி அழுதுகொண்டிருந்தேன். அப்படி அழுகிற ஆள் நானில்லை என்று தெருவே சொல்லும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் பிடிக்காமல் அனுப்பிவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தில் பிழை இல்லை.

2. நாங்கள் மெத்தை, தலையணை தைத்துக் கொடுக்கிறோம். என் வீட்டுக்காரரைப் ‘பஞ்சு’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தொழிலாலும் அந்தப் பெயர், எடையாலும் அந்தப் பெயர். கட்டடத்துக்குச் சொந்தக்காரர், தன் உபயோகத்துக்கு வேண்டும் என்று எங்கள்மேல் வழக்குப் போட்டார். இதே காரணத்தைச் சொல்லிப் பக்கத்துக் கடையில் இருந்த இஸ்திரிக்காரரைக் கிளப்பினார். அந்தக் கடை இன்றுவரை பூட்டிக் கிடக்கிறது. பூட்டு மட்டும்தான் அதை உபயோகிக்கிறது. இதையெல்லாம் சொல்லத்தான் விசாரணை நாளன்று கோர்ட்டுக்குப் போனோம்.

3. எங்கள் வக்கீலுக்கு அன்று வேறு அறையிலும் வேலை இருந்தது. “பேரைக் கூப்பிட்டதும் உள்ள போய்க் கும்பிட்டு நில்லுங்க, நான் ஓடி வந்துடறேன்” என்று சொல்லிப் போனார். ஆகவே நாங்கள் கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தோம். வழக்கு எண் ஓடும் விளக்குப் பலகை கதவுக்கு மேலே, எங்கள் தலைக்கு நேர் உச்சியில் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அது தெரியாது. எழுந்து பார்த்தால் பெஞ்சில் இடம் போய்விடும். இந்தக் கஷ்டத்துக்காகத்தான் அரசாங்கம் பெயர் கூப்பிட டவாலியை வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

4. அந்த அறையின் டவாலிக்கு ‘வெண்கலம்’ என்று பெயர். அப்படி ஒரு குரல். அவர் வெளியே வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டால், எதிர் விட்டத்தில் இருக்கும் புறாக்கள் மொத்தமும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்காரும். அவர் எங்களை அறியாதவர் அல்ல. அவருடைய ஸ்டூலுக்குப் போன வருடம் திண்டு தைத்துக் கொடுத்ததே நாங்கள்தான். “அண்ணே, இனிமே நீங்க எழுந்திரிக்கவே மாட்டீங்க” என்று நான் கேலி செய்தேன். இப்படிப் பலிக்கும் என்று நினைக்கவில்லை.

5. அன்று காலை வராந்தாவில் சினிமாக்காரர்கள் வந்திருந்தார்கள். கோர்ட்டில் நடக்கும் ஊழலைப் பற்றிய படமாம். நிஜமான கூட்டம் பின்னால் தெரிய வேண்டும் என்று, அனுமதி வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் எடுத்தார்கள். ஒரு பையன் வந்து, யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது என்று சொன்னான். சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “வேணாம்மா, இருக்கிறதே போதும்” என்றான். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. படம் எடுப்பது முடிந்து அவர்கள் பெட்டியைக் கட்டிய பிறகும், யாரும் சொல்லவில்லையே என்று ஒன்றுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

6. மதியம் டவாலியிடம் கேட்டோம். “இன்னும் வரல, உக்காருங்க” என்றார். சாயங்காலம் அறையைப் பூட்டும்போது மறுபடி கேட்டோம். “காலையிலேயே ஆர்டர் ஆயிடுச்சே, எங்கக்கா போயிட்டீங்க?” என்றார். ஐயா, நான் வாயாடி. “இந்தப் பெஞ்சுலதாண்ணே” என்று கைகாட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

7. உத்தரவை ரத்து செய்ய மனுப் போட்டிருக்கிறோம். கூப்பிட்டபோது நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்கிறார் வக்கீல். அன்று பெஞ்சில் இருந்தவர்கள் யார், எந்த ஊர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? புறாக்கள்தான் நிரந்தரமாக இருக்கின்றன. இதற்குள் உத்தரவு தன் வழியில் நடந்து வருகிறது. வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டு அமீனா வந்து எங்களை வெளியேற்றுவார் என்று தாக்கீது வந்திருக்கிறது.

8. படம் வெளிவர மாதக்கணக்கில் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் போனோம். திரையில் எங்கள் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான், வேறில்லை. படத்தில் நீதிபதி பொல்லாதவர். அது யாரையும் குறிப்பதல்ல என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போடுகிறார்கள். தங்களைப் பொறுத்தவரை நானும் அதை வழிமொழிகிறேன். இடைவேளை முடிந்தவுடன் கதாநாயகன் வராந்தாவில் நடந்து வந்து, ஏழைக்கு எந்தக் கதவு திறக்கும் என்று நீளமாக வசனம் பேசுகிறார். தியேட்டரில் விசில் பறக்கிறது. அவருடைய வலது தோளுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம்.

9. அந்தத் தோளுக்குப் பின்னால் நடப்பதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். முதலில் வெண்கலம் வெளியே வந்து யாரையோ கூப்பிடுகிறார். வாய் திறக்கிறது, புறாக்கள் பறக்கின்றன, ஒரு பெரியவர் எழுந்து உள்ளே போகிறார். பிறகு பலகையில் எண் மாறுகிறது. அது எங்கள் எண். வெண்கலம் மறுபடி வெளியே வருகிறார். தூண் ஓரத்தில் கட்டடக்காரர் நிற்கிறார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்கிறார். தூசி பட்டிருக்கலாம், நான் ஒன்றும் சொல்லவில்லை. வெண்கலம் அவரைப் பார்க்கிறார், பிறகு எங்களைப் பார்க்கிறார், வாயைத் திறக்காமல் உள்ளே போகிறார். கட்டடக்காரரும் அவர் பின்னாலேயே போகிறார். எண் மாறிவிடுகிறது. என் வீட்டுக்காரர் சிலை மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

10. சினிமாவில் சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்களாம். ஆகவே அவர் கூப்பிட்டிருப்பார், வசனச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். ஐயா, புறாக்களைப் பார்க்க வேண்டுகிறேன். முதல் தடவை பறந்தவை இரண்டாம் தடவை அசையவில்லை. அதில் ஒன்று இறக்கையைக் கோதிக்கொண்டிருக்கிறது.

11. இந்தச் சாட்சியைப் பிடித்து வைக்க எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம். படக் கம்பெனிக்கு போன் செய்தேன். நடித்ததற்குச் சம்பளம் கேட்கிறேன் என்று நினைத்து, “கூட்டத்துல உக்காந்தவங்களுக்கெல்லாம் கெடையாதும்மா” என்று வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் தியேட்டரில் போனைத் தூக்கிப் பிடித்தார். டார்ச் அடிப்பவர் வந்து, படத்தைத் திருடுகிறீர்களா என்று சட்டையைப் பிடித்தார். நியாயம் கேட்டுப் போனவர் திருடனாகத் திரும்பியிருப்பார், நல்ல வேளை அந்த டார்ச்சுக்காரர் எங்களிடம் தலையணை வாங்கியவர். படம் சரியாகப் போகவில்லை, வியாழக்கிழமை ராத்திரி ஆட்டத்தோடு எடுத்துவிடுவோம் என்று அவர்தான் சொன்னார். பின்னால் போனிலேயே வந்துவிடும் என்கிறார்கள். அது வரும்போது நாங்கள் சாய்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு சுவர் வேண்டாமா?

12. மாடியில் என் மகள் நிறைமாதமாக இருக்கிறாள். பிறக்கப் போகிற குழந்தைக்கு இலவம்பஞ்சில் ஒரு சின்ன மெத்தை தைத்து வைத்திருக்கிறேன். எங்கே விரிப்பது என்றுதான் தெரியவில்லை. அமீனாவும் பேரப்பிள்ளையும் ஒரே நாளில் வந்துவிடக் கூடாதே என்று, மாடிக்கும் கடைக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஊசியில் நூல் கோத்தால் தைக்க மறந்துவிடுகிறேன். ஊருக்கெல்லாம் தூங்க மெத்தை தைத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தே விடிய வைக்கிறோம். “ஒரு தடவ எழுந்து அந்தப் பலகையப் பாத்திருக்கலாம்ல” என்று என் வீட்டுக்காரர் நேற்றுச் சொன்னார். என்னைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

13. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து வெள்ளிக்கிழமை அமீனா வருவதை நிறுத்தி வைக்கவும், வியாழக்கிழமை ஆட்டத்துக்குள் தாங்களோ தங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரோ அந்தப் படத்தைப் பார்க்கவும், அந்தத் துண்டை மட்டும் படக் கம்பெனியிடமிருந்து கேட்டு வாங்கவும், டவாலியையும் கட்டடக்காரரையும் விசாரிக்கவும் வேண்டுகிறேன். முழுப் படமும் பார்க்க வேண்டியதில்லை. முடிவில் எல்லாருக்கும் நீதி கிடைத்துவிடுகிறது, அதில் நமக்கு வேலை இல்லை. இடைவேளை முடிந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விட வேண்டும். ஜனங்கள் தீனி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எங்கள் வழக்கு முடிந்துவிடும். கதாநாயகனைப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் பார்த்தால் போதும்.

14. எங்களுக்குத்தான் வீட்டைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டடக்காரர் சொல்வதைக் கேட்டது போல நாங்கள் சொல்வதையும் ஒருமுறை கேட்டுவிட்டு, தாங்கள் எது சொன்னாலும் சரி. நாளைக் காலை கோர்ட்டுத் திறக்கும்போது நானும் என் வீட்டுக்காரரும் மூன்றாம் எண் அறை வாசலில், அதே பெஞ்சில் இருப்போம். இந்த முறை கேமரா இல்லை, அதனால் எழுந்து நிற்கத் தடையில்லை. வெண்கலத்திடம் சொல்லி எங்கள் பெயரை ஒரே ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். புறாக்கள் பறக்கும் அளவுக்கு.

நாள்: புதன்கிழமை
இடம்: மெத்தைக் கடை, இன்னும் காலி செய்யாதது

பணிவும் பதற்றமுமாக,
மெத்தைக் கடைக்காரி (கையொப்பம்)
பஞ்சு (கையொப்பம், படித்துக் காட்டினேன், சிரிக்காமல் கேட்டார்)