அறுபது பேருக்கு ரொட்டி

2020 மே, வியாழக்கிழமை இரவு

இன்று ஜெயித்துவிட்டேன். எழுதி வைக்காமல் தூக்கம் வராது.

புதுவாயலில் மெஸ் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்து மூட வேண்டியதாயிற்று. நேற்று பக்கத்துக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். உள்ளேயே தங்கி வேலை செய்யும் பீகார் பையன்களுக்குச் சோறும் சாம்பாரும் இறங்கவில்லையாம். ஒரு வேளை ரொட்டி போட்டுக் காட்டு, பிடித்தால் பார்க்கலாம் என்றார். அறுபது பேருக்கு நான் ரொட்டி சுட்டதே இல்லை.

காலையில் முதலில் சுட்டதெல்லாம் அட்டை மாதிரி விறைத்துப் போனது.

"வேணாம்மே, பேர் கெட்டுடும். முடியாதுன்னு சொல்லிட்லாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் கேட்கவில்லை. வெந்நீர் ஊற்றி வேறு மாவு பிசைந்தேன். மதியம் இருவரும் வண்டியில் கொண்டுபோனோம்.

பையன்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யார் ரொட்டியை மிச்சம் வைக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவன் எழுந்து மேனேஜரிடம் இந்தியில் ஏதோ சொன்னான்.

"இன்னா சார் சொல்றான்?"

"இன்னும் நாலு கேக்கறாம்மா. நாளைலேர்ந்து ரெண்டு வேளையும் நீயே குடுத்துடு."

வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் எல்லாவற்றையும் வீட்டுக்காரரே தேய்த்தார். "நாளிக்கு மாவு நான் பெசையறேன். நீ சுடு," என்றார்.

மூட்டை மாவுக்கு எந்தக் கடை திறந்திருக்குமோ. தேடிப் பிடிப்பேன். விடியுமுன் எழுந்து மெஸ்ஸில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். எத்தனை நாளாயிற்று, இந்த வரியை எழுதி!