சத்தமில்லாமல் வீடு வந்தேன்

என் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே எங்கள் பொழுது ஓடுகிறது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உட்கார்ந்து படி. கழுத்தில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று அப்பா உன்னிடம் சொன்னது பாதிதான். கட்டியோடு குரல்வளையையும் முழுசாக எடுத்துவிட்டார்கள், விட்டால் பரவிவிடும் என்றார் டாக்டர். இனி எனக்குக் குரல் வராதடி. நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா தூங்குகிறாள் என்று அவர் சொன்னதும் என் ஏற்பாடுதான், புது வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நிற்பாய் என்று பயந்தேன். அவர் மேல் கோபப்படாதே, திட்டுவதானால் என்னைத் திட்டு.

இப்போது கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். குழாயைக் கழற்றிக் கழுவி மாட்ட நர்ஸ் கற்றுக்கொடுத்தாள், வலி தாங்கும்படிதான் இருக்கிறது. சூடான பாலை ஊதிக் குடிக்க முடியாது, ஆறும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எழுதிக் காட்ட அப்பா ஒரு சிலேட்டு வாங்கித் தந்தார். நான் தண்ணீர் என்று எழுதினால், அவர் சிலேட்டை வாங்கி, வெந்நீரா என்று எழுதி நீட்டுவார். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்பது மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. காலமெல்லாம் தறிக்கூடத்தில் நின்றவர் அல்லவா, அந்த இரைச்சலில் ஒருவர் கையால் பேசினால் அடுத்தவரும் கையால்தான் பதில் சொல்லவேண்டும், அந்தப் பழக்கம். பக்கத்துக் கட்டில் அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, அவங்களுக்குத் தொண்டையிலதான் ஆபரேஷன், காதுல இல்ல" என்றதும் அசடு வழிந்தார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தம் வரவில்லை. அது அப்படியே அழுகையாகிவிட்டது, அதற்கும் சத்தமில்லை, அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின்தான் ரொம்பக் கஷ்டம். ஆஸ்பத்திரியில் நோயாளி, பேசாமல் கிடக்கலாம். இங்கே வாசலிலேயே, செருப்பைக் கழற்றுங்கள் என்று அவரை அதட்ட வாய் திறந்தேன், உதடு மட்டும் அசைந்தது, அவர் செருப்போடு உள்ளே போய்விட்டார். சாப்பிடக் கூப்பிடுவதற்குக் கரண்டியால் தட்டைத் தட்டுகிறேன், "என்னை என்னன்னு நினைச்ச, நாயா" என்று முறைத்துக்கொண்டே வந்து உட்காருகிறார். வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு இது போதாதா, சொல்.

இன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் யாரோ ஒருத்தி அப்பாவைத் திட்டுகிற சத்தம். திடுக்கிட்டு எட்டிப் பார்த்தால், அது நான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பிளாஸ்க் மூடியைத் தொலைத்துவிட்டு வந்தார், வாங்கு வாங்கென்று வாங்கினேன், அதை எனக்குத் தெரியாமல் போனில் பதிந்து வைத்திருக்கிறார். "ஒரு பொருளை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியுதா உங்களுக்கு" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் போகிறது. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் குரல், "சரி, சின்னக்குட்டி போன் பண்ணாளா?" என்று கேட்டது. அவர் போனைப் பார்த்து, "பண்ணா. நீ தூங்குறேன்னு சொல்லிட்டேன்" என்று பதில் சொன்னார். நான் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய், நானே எடுக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லையே என்று ஹலோ ஹலோ என்று கத்தாதே, லைன் போய்விட்டது என்று வைத்துவிடவும் வேண்டாம். ஆபீசில் என்ன நடந்தது, ராத்திரி என்ன சமைத்தாய், மாப்பிள்ளையோடு என்ன சண்டை, எல்லாம் சொல்லிக்கொண்டே போ. வேளைக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வேலையை விட்டு வராதே என்று எழுதி முடிப்பதாகத்தான் இருந்தேன். எழுத வரவில்லை. லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பாரடி.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா