பட்டை குறைத்த ஜீப்

அன்புள்ள மாப்பிள்ளை,

நம் ஜீப்பில் கை வைத்துவிட்டேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வண்டி ஓட்ட மனம் வரவில்லை.

பூண்டு மூட்டைக்காக நீ பின்பக்கம் கூடுதலாகச் சேர்த்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றியாயிற்று. காரணம் உன் மகள் செல்வி. பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது உனக்குத் தெரியும். இந்த முறை வண்டியில் குலுங்கவே கூடாது என்று கொடைக்கானல் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அங்கேயே அறை எடுத்துத் தங்கிக்கொள் என்றேன். அம்மாவையும் வீட்டையும் விட்டு வரமாட்டேன் என்றாள். இந்தப் பிடிவாதம் யார் கொடுத்த சொத்து?

தார்ரோடு வரை நம் மண்பாதை நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. அதனால் வண்டியைப் பழனிப் பட்டறைக்கு இறக்கினேன்.

"மூட்டைக்கா, ஆளுக்கா? ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்றார் மெக்கானிக். "மூட்டைக்குப் போட்ட பட்டை, வெறும் வண்டியில குதிக்கத்தான் செய்யும்."

ஆளுக்கு என்றேன்.

"அப்ப ஆட்டத்தை அடக்குற ஷாக்கையும் மாத்தணும். பட்டையை மட்டும் குறைச்சா, ஒரு பள்ளத்துல இறங்குன வண்டி அடுத்த பள்ளம் வரைக்கும் ஆடிக்கிட்டே கெடக்கும்."

இரண்டையும் மாற்றினேன். இந்த வருஷம் பூண்டு பாதிப் பாதியாகத்தான் சந்தைக்கு இறங்கும். நீ இருந்திருந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பாய்.

சீக்காளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஜீப் குதிக்காமல் இருக்க, கனத்துக்காகப் பக்கத்து வீட்டு ஆட்கள் பின்னால் ஏறி உட்காருவது நம் ஊர் வழக்கம். உனக்கு நெஞ்சுவலி வந்த அன்றும் ஏறினார்கள். "ஏலே, பொண்ணு பாக்கவா போறோம்? இம்புட்டுக் கூட்டம்!" என்றாய். நாங்கள் சிரித்தோம். அந்தக் கூட்டம் முழுக்க ஊர் திரும்பியது, நீ மட்டும் இல்லை. அன்றைக்கே இந்த ஷாக் இருந்திருந்தால்? குலுக்கலுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் வெள்ளனே செல்விக்கு வலி எடுத்தது. அவளை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினால், யாரும் கூப்பிடாமலே ஆட்கள் பின்னால் ஏறிவிட்டார்கள். குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டியின் பின்பக்கம் அமுங்கி டயரை உரசப் பார்த்தது.

"எறங்குங்கய்யா! இப்ப இது மெத்துன்னு இருக்கு. கனம் ஏறுனா அடி தட்டும்!"

ஒருவரும் அசையவில்லை. "அவருக்கு ஏறுனோம். அவரு மகளுக்கு ஏறாம வீட்டுல படுத்துக் கெடக்கவா?" என்றார் பெருமாளண்ணன்.

விளக்கம் சொல்ல நேரமில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். "மாமா, வெரசா எடுங்க!" என்று செல்வி கத்திய பிறகுதான் இறங்கினார்கள்.

இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். பாதையில் கிடந்த கற்களை எடுத்து ஓரமாகப் போட்டபடி, பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மிதித்தபடி, தார்ரோடு வரைக்கும் வந்தார்கள். ஜீப் அசைந்து அசைந்து அவர்கள் பின்னாலேயே போனது. ஓரிடத்திலும் குதிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், மாப்பிள்ளை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உன்னுடையது. பாவம், என்ன செய்வது?

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து இருவரையும் நம் ஜீப்பிலேயே ஊருக்கு அழைத்து வருவேன். பூண்டுக்கு எத்தனை நடை அதிகமானாலும் சரி, கழற்றிய பட்டையைத் திரும்ப மாட்டமாட்டேன். உன் பேத்தி அந்தப் பாதை முழுக்கத் தூங்கிக்கொண்டே வருவாள். அதற்கு நான் பொறுப்பு.

உன் பங்குக்கும் சேர்த்து அவளைத் தூக்கிக்கொள்ளும்
உன் மச்சான்